நோயாளி இல்லாத ஆஸ்பத்திரியும் 'பிங்' என்று கத்தும் மெஷினும்

அரசு ஆஸ்பத்திரியில் சிக்கனம் என்ற பேச்சு எடுத்தாலே நையாண்டிக்காரர்களுக்குக் கொண்டாட்டம்தான். பிரிட்டனில் இது ரொம்பப் பழைய சங்கதி. அங்கே தேசிய சுகாதார சேவை (என்.எச்.எஸ்.) தொடங்கியது 1948 ஜூலை 5-ல். மூன்று வருஷம்கூட முழுசாக ஆகவில்லை, 1951 பட்ஜெட்டில் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வைத்துவிட்டார்கள். கொரியப் போருக்கான ஆயுதச் செலவு காரணம். அந்தச் சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அதை எதிர்த்து மந்திரி பதவியையே ராஜினாமா செய்தார். ஆக, சிக்கனம் அந்தச் சேவையோடு கூடவே வளர்ந்த பிள்ளை. அதைப் பற்றிய கிண்டலும் அப்படித்தான்.

கொஞ்ச நாளாக இந்தக் கிண்டல்களைத் தேடிப் பார்த்துக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாமே சிரிக்க வைக்கின்றன, அதில் சந்தேகமில்லை. என் கேள்வி வேறு. சிரிப்பு யார் தலையில் விழுகிறது? அதனால் யாருக்கு லாபம்? இந்த இரண்டையும் கேட்டுப் பார்த்தால், ஒரே விஷயத்தைக் கிண்டல் செய்யும் மூன்று படைப்புகள் மூன்று திசையில் போவது தெரிகிறது.

முதலாவது, எல்லோரும் சொல்லும் 'யெஸ் மினிஸ்டர்'. ஆண்டனி ஜேயும் ஜோனதன் லின்னும் எழுதிய பி.பி.சி. தொடர். 1981-ல் வந்த 'தி கம்பாஷனேட் சொசைட்டி' என்ற அத்தியாயத்தில் ஒரு புத்தம்புது ஆஸ்பத்திரி. 500-க்கும் மேற்பட்ட நிர்வாக, துணைப் பணியாளர்கள் இருக்கிறார்கள். டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, ஒரு நோயாளிகூட இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் தலைக்கு மேல் வேலை! சுத்தத்துக்கான பரிசுக்கும் அதன் பெயர் அடிபடுகிறது. பின்னே, படுக்கையில் ஆளே படுக்காவிட்டால் எப்படி அழுக்காகும்? மந்திரி ஹாக்கர் பதறுகிறார். அதிகாரி சர் ஹம்ப்ரி, இதில் என்ன தப்பு என்கிற மாதிரி பார்க்கிறார்.

பிரமாதமான நகைச்சுவைதான். ஆனால் கதையைக் கவனமாகப் பாருங்கள். அந்த ஆஸ்பத்திரி ஏன் காலியாக இருக்கிறது? கட்டடம் முடிந்தது, ஆபீஸ் ஆட்களைப் போட்டாயிற்று, அதற்குள் அரசு செலவைக் குறைத்துவிட்டது. டாக்டருக்கும் நர்ஸுக்கும் காசில்லை. அதாவது கதைப்படியே மூல வியாதி நிதி வெட்டுதான். அது ஒரு வசனத்தில் வந்து போய்விடுகிறது. மீதி அரை மணி நேரமும் அடி விழுவது குமாஸ்தா தலையில். பார்த்து முடித்தவரிடம் என்ன ஞாபகம் இருக்கிறது என்று கேளுங்கள். 'அரசாங்கம்னா தண்டச் செலவுங்க' என்பார். வெட்டினால் என்ன ஆகும் என்று காட்டும் கதை, இன்னும் வெட்டலாம் என்ற வாதமாக மாறிவிடுகிறது.

இது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. அரசு சுருங்க வேண்டும் என்று சொன்ன பொருளாதார அறிஞர் மில்டன் ஃப்ரீட்மேனின் 'ஃப்ரீ டு சூஸ்' தொலைக்காட்சித் தொடரில் (1980) ஜே பங்காற்றியவர். லின் அந்தப் பக்கம் சாய்ந்தவர் அல்ல, அதனால்தான் தொடருக்கு ஒரு சமநிலை இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் தொடரின் மிகப் பெரிய ரசிகை யார்? அப்போதைய பிரதமர் மார்கரெட் தாட்சர். 1984 ஜனவரியில் அவரே பிரதமராக நடித்து, ஹாக்கரும் ஹம்ப்ரியுமாக நடித்தவர்களோடு ஒரு குட்டி நாடகம் போட்டார். செலவைக் குறைக்கும் அரசின் தலைவியே மேடை ஏறி அந்த நகைச்சுவைக்குள் உட்கார்ந்துகொள்ள முடிகிறதென்றால், அது அவரைக் குத்தவில்லை என்றுதானே பொருள்?

இரண்டாவது, 1983-ல் வந்த மான்டி பைதான் குழுவின் 'தி மீனிங் ஆஃப் லைஃப்' படம். அதில் பிரசவக் காட்சி ஒன்று. அறை முழுக்க மெஷின்கள். எல்லாம் இருக்கிறது, என்னவோ குறைகிறதே என்று டாக்டர்கள் யோசிக்கிறார்கள். குறைவது நோயாளி! பிரசவிக்கப் போகும் பெண் 'நான் என்ன செய்யணும்?' என்று கேட்டால், உனக்குத் தகுதி போதாது, சும்மா இரு என்கிற பாணியில் பதில் வருகிறது. டாக்டராக நடித்தவர்களில் ஒருவரான கிரஹாம் சாப்மன் நிஜமாகவே மருத்துவம் படித்தவர்.

இந்த இடம்வரை இது வழக்கமான டாக்டர் ஜோக்தான். அப்புறம் நிர்வாகி உள்ளே வருகிறார். இருப்பதிலேயே விலை கூடிய, 'பிங்' என்று சத்தம் போடும் மெஷினைப் பார்த்து பூரித்துப்போகிறார். அதை ஒரு கம்பெனிக்கு விற்றுவிட்டு, அதே கம்பெனியிடமிருந்து திரும்ப வாடகைக்கு எடுத்திருக்கிறார்களாம். அப்படிச் செய்தால் செலவு மூலதனக் கணக்கில் வராது, மாதாந்திர நடப்புச் செலவில் போய்விடும். சொன்னதும் எல்லோரும் கைதட்டுகிறார்கள். சில நொடிகள்தான், காட்சி நகர்ந்துவிடும்.

என்னைக் கேட்டால், இந்த வகை நையாண்டியில் இதைவிடக் கூர்மையான இடம் இல்லை. ஏனென்றால் பிற்பாடு இதுவே அரசின் கொள்கை ஆனது. 1992-ல் நிதியமைச்சர் நார்மன் லாமன்ட் 'தனியார் நிதி முயற்சி' (பி.எஃப்.ஐ.) திட்டத்தை அறிவித்தார். கட்டடத்தைத் தனியார் கட்டுவார்கள், அரசு 25, 30 வருஷம் தவணை கட்டும். கடன் பெரும்பாலும் அரசின் கடன் கணக்கில் ஏறாது. 1997-க்குப் பிறகு லேபர் கட்சி இதை இன்னும் தாராளமாக விரித்தது. டார்ட்ஃபோர்டில் 2000-ல் திறந்த டேரன்ட் வேலி ஆஸ்பத்திரி இதில் முன்னோடி. கடைசியில் கணக்கு என்ன ஆயிற்று? ஐ.பி.பி.ஆர். என்ற ஆய்வு நிறுவனம் 2019-ல் கூட்டிப் பார்த்தது. இங்கிலாந்து ஆஸ்பத்திரிகளில் போட்ட முதல் சுமார் 1,300 கோடி பவுண்டு, ஒப்பந்தங்கள் முடியும்போது கட்டியிருக்கப் போவது சுமார் 8,000 கோடி. பராமரிப்பு போன்ற சேவைகளும் இதில் அடக்கம் என்பதால் முழுவதையும் வட்டி என்று சொல்ல முடியாது. ஆனாலும் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம்மூரில் சும்மாவா சொன்னார்கள்? 2018-ல் நிதியமைச்சர் பிலிப் ஹாமண்ட், இனிமேல் புது ஒப்பந்தம் கிடையாது என்று அறிவித்தார்.

இரண்டு கிண்டலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'யெஸ் மினிஸ்டர்' ஆளைப் பார்த்துச் சிரிக்கிறது. சோம்பேறி அதிகாரி போனால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நிம்மதியோடு நாம் தூங்கப் போகலாம். மான்டி பைதான் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துச் சிரிக்கிறது. அங்கே யாரும் சோம்பேறி இல்லை, நிர்வாகி ரொம்பக் கெட்டிக்காரர். சிக்கனம் என்ற பெயரில் செலவைக் குறைக்கவில்லை, கண்ணில் படாத பத்திக்கு மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான். அதே 1983-ல் சைன்ஸ்பரி சூப்பர்மார்க்கெட்டின் ராய் கிரிஃபித்ஸ் அரசுக்கு ஓர் அறிக்கை தந்தார். என்.எச்.எஸ்.ஸில் பொறுப்பாளர் யார் என்றே தெரியவில்லை, பொது மேலாளர்களைப் போடுங்கள் என்பது அதன் சாரம். நிர்வாகம் பெருத்துவிட்டது என்று நாடே சிரித்துக்கொண்டிருந்தபோது, சிக்கனத்துக்கு மருந்தாக வந்தது இன்னும் மேலாளர்கள்!

மூன்றாவது, 'கெட்டிங் ஆன்' (2009–2012). வயசாகிக்கொண்டு போவது என்றும் அந்தப் பெயருக்குப் பொருள் உண்டு. முதியோர் வார்டில் நடக்கும் கதை. எழுதி நடித்த மூவரில் ஒருவரான ஜோ பிராண்ட் முன்னாள் மனநல நர்ஸ். முதல் அத்தியாயத்தில் ஒரு நாற்காலியில் மலம் கிடக்கிறது. அதை யார் எடுப்பது? விதிமுறை என்ன சொல்கிறது? எந்தப் படிவம்? இதுதான் பிரச்சினை. இங்கே மந்திரி இல்லை, கணக்குப் புத்தகமும் இல்லை. ஆனால் மேலே போட்ட கையெழுத்து கீழே வந்து சேரும்போது என்ன உருவத்தில் வருகிறது என்பது தெரிகிறது. பக்கத்துப் படுக்கையில் ஒரு பாட்டி கிடக்கிறார், அவரைப் பார்க்க யாருக்கும் நேரமில்லை. இந்தத் தொடரில் சிரித்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடிவதில்லை. எனக்கு முடியவில்லை.

குமாஸ்தாவைக் கிண்டல் செய்யக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. சர் ஹம்ப்ரி மாதிரி ஆட்கள் எங்கேயும் உண்டு. வெட்டு போடுகிறவரும் வெட்டுப்பட்டவரும் ஒரே ஜோக்குக்கு ஒரே மாதிரி சிரித்தால் மட்டும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். அவர்களில் ஒருவருக்கு அந்த ஜோக் வேலை செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. படுக்கையில் கிடப்பவருக்கு அல்ல.