முப்பது நிமிட ஆட்டமும் மூன்று நிமிட ஆட்டமும்

தொலைக்காட்சி அரசியல் நேர்காணலை ஓர் ஆட்டமாக மதிப்பிடப் புகுந்தால், கேட்பவர் பந்துவீச்சாளர், விடையளிப்பவர் மட்டையாளர். அக்கணக்கில் மூத்த செய்தியாளர் கரண் தாப்பரின் பணிவாழ்வில் தமிழ்நாட்டார் மறவாத ஆட்டம், பிபிசியின் 'ஹார்டுடாக் இந்தியா' நிகழ்ச்சிக்காக 2004-ஆம் ஆண்டில் முதலமைச்சர் ஜெயலலிதாவுடன் நடந்ததே ஆகும்.

நைஜீரியாவின் லாகோஸ் நகரில் 'தி டைம்ஸ்' நாளிதழின் செய்தியாளராக இருந்து, பின்னர் லண்டன் வீக்கெண்ட் டெலிவிஷனில் பல ஆண்டுகள் பணியாற்றி, தாயகம் திரும்பியவர் தாப்பர். ஒரு வினாவுக்கு வரக்கூடிய விடைகளை முன்கூட்டியே கணித்து, ஒவ்வொன்றுக்கும் அடுத்த வினாவை மரக்கிளைபோல் வரைந்து வைப்பது அந்நிறுவனம் வளர்த்த முறை. மட்டையாளர் எப்பக்கம் ஆடினாலும் அங்கே ஒரு களத்தடுப்பாளர் நிற்பார்.

2004 மே மாத மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 தொகுதிகளையும் அதிமுக அணி இழந்து, மதமாற்றத் தடைச் சட்டம் உள்ளிட்ட முடிவுகளை அரசு திரும்பப் பெற்றிருந்த நேரம் அது. ஆயினும் தாப்பர் சோதிடம், எண்கணிதம், முதல்வரைப் பற்றிய பொதுப் பிம்பம் என்று பவுன்சர்களையே மிகுதியாக வீசினார். அவற்றுக்கு மறுப்பும் சினமும் கிடைத்தனவே அன்றி, ஆட்சி முடிவுகள் ஏன் எடுக்கப்பட்டன, ஏன் கைவிடப்பட்டன என்பதற்கான விளக்கம் போதிய அளவு கிடைக்கவில்லை. ஜெயலலிதா இறுதிவரை களத்தில் நின்று, உரையாடல் மகிழ்ச்சி தரவில்லை என்று முகத்துக்கு நேரே கூறி, தாப்பர் நீட்டிய கையைப் பற்றாமல் வணக்கம் சொல்லி எழுந்தார். வெற்றி மட்டையாளருக்கே என்பது இப்பத்தியின் கணிப்பு.

2007 அக்டோபரில் தாப்பரின் சிஎன்என்-ஐபிஎன் நேர்காணலில், 2002 குஜராத் கலவரம் பற்றிய கேள்விகள் எழுந்ததும் அம்மாநிலத்தின் அப்போதைய முதல்வர் நரேந்திர மோடி ஏறத்தாழ மூன்று நிமிடங்களில் வெளியேறினார். அதை விக்கெட்டாக எண்ணுவோர் உண்டு. ஆனால் விடையே பதிவாகாத ஆட்டத்தில் பந்துவீச்சாளருக்கு என்ன கணக்கு எழுதுவது?

தமிழிலோ, தொண்ணூறுகளில் கேபிள் இணைப்பின் வழியே புறநகர் வீடுகளை எட்டிய சன் தொலைக்காட்சியின் 'நேருக்கு நேர்' நிகழ்ச்சியில் நேர்காணலாளர் ரபி பெர்னார்ட் கையாண்டது வேகத்தை நம்பாத, நிதானமான சுழற்பந்து எனலாம். ஆனால் நடுவர் பின்னாளில் ஓர் அணியின் சட்டையை அணிந்தாற்போல, அவர் 2011-இல் அதிமுகவின் மாநிலங்களவை உறுப்பினரானார். தாப்பர் அவ்வாறு எல்லைக்கோட்டைத் தாண்டவில்லை. அதற்கு அவர் கொடுத்த விலை வேறு. தம் நிகழ்ச்சிகளுக்குப் பாஜக தலைவர்கள் வர மறுத்ததை, 2018-இல் வெளிவந்த தம் நூலில் அவரே எழுதியிருக்கிறார்.