கள்ளிக் காட்சியில் ஒரு குறை

முட்செடிகளைப் பார்ப்பதற்கென்று மக்கள் சீட்டு வாங்கி வரிசையில் நிற்பது மகிழ்ச்சிக்குரிய செய்திதான். நம் நகரங்களின் மலர்க் காட்சிகளில் கள்ளிகளுக்கும் சதைப்பற்றுள்ள பிற செடிகளுக்கும் தனி மேடையே போட்டுவிடுகிறார்கள். வளர்த்தவர்களின் பொறுமையை எவ்வளவு பாராட்டினாலும் தகும். உருண்டைக் காக்டஸ் ஒன்று ஒரு தழும்புமின்றிக் கால்பந்தின் அளவை எட்டப் பல ஆண்டுகள் பிடிக்கும். நான் குறை சொல்ல விரும்புவது, செடியின் காலடியில் செருகியிருக்கும் பெயர் அட்டையை.

வாசகர்களே, அடுத்த முறை போகும்போது, தூண் போல் நிமிர்ந்த செடிகளின் முன் சற்று நில்லுங்கள். பல அட்டைகளில் 'காக்டஸ்' என்ற ஒரே சொல்தான் இருக்கும். அட்டையை விட்டுவிட்டு முள்ளின் அடியைப் பாருங்கள். சிலவற்றில் பஞ்சு ஒட்டியது போன்ற சிறு மேட்டிலிருந்து முட்கள் கொத்தாகக் கிளம்பும். இந்தப் பஞ்சுமேடு காக்டஸ் குடும்பத்துக்கே உரிய அடையாளம். வேறு சிலவற்றில் பஞ்சு இராது; தண்டின் விளிம்பில் முட்கள் இரண்டிரண்டாக நிற்கும். இவை யூபோர்பியாக்கள், ஆமணக்குக்கு உறவு, காக்டஸுக்கு அன்று.

காக்டஸின் தாயகம் அமெரிக்கக் கண்டங்கள். (ரிப்சாலிஸ் என்ற ஒரு வகை மட்டும் ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும்கூட இயற்கையாகவே மரங்களில் தொங்கி வளர்கிறது.) தூண் வடிவ யூபோர்பியாக்கள் பெரும்பாலும் ஆப்பிரிக்காவையும் ஆசியாவையும் சேர்ந்தவை. உறவில்லாத இரு குடும்பங்கள், நடுவே ஒரு பெருங்கடல் கிடக்க, வறட்சிக்கு ஒரே விடையைக் கண்டிருக்கின்றன! இலையைக் கைவிட்டுத் தண்டைப் பச்சையாக்கி, அதில் நீரைத் தேக்கிக்கொண்டன. துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவை வாங்கி, அதை அமிலமாகச் சேமித்து, பகலில் துளைகளை மூடிக்கொண்டு உணவு தயாரிக்கின்றன. பரிணாமத்தின் இந்த அருமையான பாடம் மேடையில் அருகருகே நிற்கிறது. பார்ப்பவருக்கு அதைச் சொல்ல அட்டையில் இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரிதான் இல்லை.

பாடம் போனால் போகட்டும், ஆபத்தையாவது சொல்ல வேண்டாமா? யூபோர்பியாவின் தண்டைக் கீறினால் வெண்பால் வடியும். கண்ணில் பட்டால் கடும் எரிச்சலும் வீக்கமும் உண்டாகும், கருவிழியும் புண்படலாம். உடனே நிறைய நீர் விட்டுக் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். கள்ளிப்பாலைக் கண்டு ஒதுங்க நம் கிராமத்துக் குழந்தைக்குத் தெரியும். அதே பால் 'காக்டஸ்' என்ற பெயரில் அழகிய தொட்டியில் வீட்டுக்குள் வரும்போது யார் ஒதுங்குவார்கள்?

உண்மையில் 'கள்ளி' என்ற சொல்லுக்கு உரிமை பெற்றது யூபோர்பியாதான். சங்கப் பாடல்களின் பாலை நிலத்துக் கள்ளி காக்டஸாக இருக்க முடியாது. கொலம்பஸ் 1492இல் கடல் கடந்த பிறகே காக்டஸ் இப்பக்கம் வந்தது. சப்பாத்திக் கள்ளி பின்னால் வந்து பெயரிலும் பங்கு கேட்ட விருந்தாளி. ஆனால் நம் காட்சிகளில் நம் சதுரக்கள்ளிக்கு இடமில்லை. கல்லிமுளையானைத் தேடினாலும் கிடைக்காது. மாறாக, பச்சையமே இல்லாமல், அடியில் ஒட்டுப்போட்ட வேறொரு காக்டஸின் தயவில் உயிர் வாழும் சிவப்புத் தலைக் காக்டஸுக்கு முன்வரிசை! சண்டிகரை அடுத்த பஞ்சகுலாவில், 1987இல் 7 ஏக்கரில் அமைத்த தேசியக் கள்ளித் தோட்டத்தில், கல்லிமுளையானின் இனத்தாரான கரலூமாக்களை அக்கறையுடன் திரட்டியிருக்கிறார்கள். அந்த அக்கறை நம் மேடைகளுக்கும் வரலாமே.

அட்டையில் இன்னொன்றும் வேண்டும்: செடி வந்த வழி. காக்டஸ் இனங்களில் 31 விழுக்காடு அழியும் நிலையை நெருங்கியிருப்பதாக 2015இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. காட்டிலிருந்து பெயர்த்தெடுத்து விற்பது அதற்கொரு முக்கியக் காரணம். 2020இல் இத்தாலியில் ஒருவரிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அரிய காக்டஸ்கள் பிடிபட்டன. சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து திருடி வந்தவை. அவற்றில் 844 செடிகள் 2021இல் தாய்நாடு திரும்பின. ஆகவே விற்பனைக் கூடத்தில் விலை கேட்கும் முன், "இது விதையிலிருந்து வளர்த்ததா?" என்று கேளுங்கள். வளர்த்தவர் என்றால் விதைத்த ஆண்டையே சொல்வார்.