கேட்டலோடு நின்ற அவைகள்

இக்காலத்து நம் சமயக் கூட்டங்கள் பெரும்பாலும் ஒருவர் உரைப்பப் பலர் கேட்டு, நன்றி நவிலலோடு கலைவனவாக உள்ளன. அவை என்னும் சொற்கு நம் முன்னோர் கொண்ட பொருள் இதுதானா என்பது ஈண்டு ஆராயத்தக்கது.

பெரம்பூர்க்கு அணித்தாகிய திருவொற்றியூரை நோக்குக. 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசாதிராச சோழன், தன் ஒன்பதாம் ஆட்சியாண்டில், பங்குனி உத்திர விழாவின் ஆறாம் நாள், மடத்துத் தலைவராகிய சதுரானன பண்டிதரோடு அமர்ந்து ஆளுடைய நம்பியின் புராணங் கேட்டான் என அத்திருக்கோயிற் சாசனம் கூறும். சோம சித்தாந்தம் விரித்துரைப்பாராகிய வாகீச பண்டிதரும் உடனிருந்தார். அச்சித்தாந்தம் நம் சித்தாந்தத்தின் வேறாக எண்ணப்படுவது. எனினும் அதனை உரைப்பார்க்கும் அவ்வவையில் இருக்கை இருந்தது. இலக்கணம் பயிற்றுதற்கென ஒரு மண்டபமும் அக்கோயிலில் விளங்கிற்று.

நூல்களும் இம்மரபிற்கே சான்றாவன. தொல்காப்பியம் பாண்டியன் அவையில் அதங்கோட்டாசான் ஆராய்ந்த பின்னரே அரங்கேறிற்றென அதன் பாயிரத்தால் அறிகின்றோம். சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என விரிதல், எதிரே ஒருவன் இருந்து வினவுகின்றான் என்பதனைக் கருதியன்றோ? சித்தியாரும் பிறர் மதத்தைப் பரபக்கத்தில் முன்வைத்து மறுத்த பின்னரே சுபக்கம் புகுகின்றது.

ஆசிரியன் உரைத்ததனை நன்கு கொண்டவிடத்தும் புலமையிற் காற்கூறே எய்தும். உடன் பயில்வாரோடு பயிலப் பின்னொரு காலும், பிறர்க்கு உரைத்தலான் எஞ்சிய இருகாலும் நிரம்பும் என்பது பவணந்தியார் கணக்கு. நம் சமயமும் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என நான்கு கூறிற்று. நம் கூட்டங்களோ முதற்படியிலேயே நின்றுவிடுகின்றன.

வினாவிற்கு இடந்தரின் பூசல் விளையும் என்பர் சிலர். 19-ஆம் நூற்றாண்டின் அருட்பா மருட்பாப் போர் நீதிமன்றம் வரை சென்றது மெய்யே. ஆயின் அக்குற்றம் வினாவின்பாலதன்று, இகலின்பாலது. நடுவுநிலை பிறழாத தலைவர் ஒருவர் இருப்பின் வினா இகலாக மாறாது. அதங்கோட்டாசான் இருந்த இடம் அதுவே.

பெரம்பூர் இரயிற்பெட்டித் தொழிற்சாலையிற் பகலெல்லாம் உழைத்து, மாலையில் நம் அவைக்கு வரும் அன்பர் ஒருவரை எண்ணுக. 'உயிர்க்கு மலம் அநாதியாயின் நீங்குமாறு எங்ஙனம்?' என்னும் ஐயம் அவர்க்கு எழின், அதனை அவர் யாரிடம் வினவுவார்? வினவாது வீடு திரும்பின், ஐயமும் அவரோடு திரும்பும். நாளடைவில் ஐயம் தங்கும். அவர் வருகை நிற்கும்.

ஆதலின் கூட்டம் நிகழ்த்தும் சபையார் உரைக்கு ஒரு பாதியும் வினாவிற்கு ஒரு பாதியுமாகப் பொழுதினைப் பகுத்து, எடுத்துக்கொண்ட நூலைக் கேட்போர் கையிலும் தருவாராக. அன்றே அவை அவையாகும்.