கடைசி எழுத்துக்கு அப்பால்

லினக்ஸ் கணினியில் சாதாரணப் பயனர் ஒருவர், தமக்கு அனுமதிக்கப்பட்ட கட்டளையை ரூட் அதிகாரத்தோடு ஓட்ட உதவும் திறமூலக் கருவி சூடோ. 1980 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பாப் காக்ஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. 1990களிலிருந்து டாட் மில்லர் பேணிவருகிறார். அதில் பத்தாண்டுக்குச் சற்றே குறைவான காலம் ஒளிந்திருந்த நினைவகப் பிழையை, 2021 ஜனவரி 26இல் வந்த 1.9.5பி2 பதிப்பு அடைத்தது. சி மொழித் திருத்தங்களில் இதைவிடப் பெரியவை ஏராளம். வரிவரியாக ரசித்துப் படிக்கத் தக்கவை சிலவே; இது அவற்றில் ஒன்று.

பிழையின் அமைப்பே ஓர் அழகு. 'சூடோ -எஸ்' என்று ஷெல் வழியாகக் கட்டளை ஓட்டும்போது, கருவியின் முன்பகுதி சிறப்புக் குறிகளுக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் சேர்க்கிறது. யாருக்கு எந்த அனுமதி என்று பார்க்கும் பின்பகுதி, அந்த பேக்ஸ்லாஷ்களை மீண்டும் களைகிறது. அது முதலில் சொற்களின் நீளத்தைக் கூட்டி, அந்த அளவுக்கு ஒரு பஃபர் வாங்கும். பிறகு ஒவ்வோர் எழுத்தாக அதில் படியெடுக்கும். பேக்ஸ்லாஷ் வந்து, அடுத்தது வெற்றிடமாக இல்லாவிட்டால், பேக்ஸ்லாஷைத் தாண்டி அடுத்த எழுத்தை எடுக்கும்.

பேக்ஸ்லாஷே கடைசி எழுத்தாக இருந்தால்? அடுத்து இருப்பது சொல் முடிந்ததைச் சொல்லும் பூச்சியக் குறி. நிரல் அதையும் சாதாரண எழுத்தாக எண்ணிப் படியெடுத்துவிட்டு, அதற்கும் அப்பால் கால் வைக்கிறது. அங்கே அடுத்த சொல் இருக்கும். சொற்கள் தீர்ந்தால் சூழல் மாறிகள் இருக்கும். எல்லாம் அளந்து வாங்கிய பஃபருக்குள் கொட்டப்படும். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டத்து லயக் காம்பராக்களைப் போல, ஹீப் நினைவகத்தின் துண்டுகளும் ஒன்றோடொன்று ஒட்டியே கிடக்கின்றன. ஒன்றில் கொள்ளாதது இஸ்தோப்பில் சிந்துவதில்லை, பக்கத்துக் காம்பராவுக்குள்ளேயே போய்விடுகிறது. அங்கே இருப்பது சூடோவின் வேறொரு தரவு.

இத்தனை காலம் இது கண்ணில் படாமல் போனதற்குக் காரணம் உண்டு. முன்பகுதி எல்லா பேக்ஸ்லாஷுக்கும் முன் இன்னொரு பேக்ஸ்லாஷ் சேர்ப்பதால், தனி பேக்ஸ்லாஷில் முடியும் சொல் பின்பகுதிக்கு வரவே வராது என்பது நம்பிக்கை. அந்த நம்பிக்கை பெரும்பாலும் சரி. ஆனால் முன்பகுதி குறி சேர்ப்பது 'ஓட்டு' முறையில் ஷெல் கேட்கும்போது மட்டும். பின்பகுதியோ 'திருத்து' முறையிலும் களைகிறது. சூடோவையே 'சூடோஎடிட்' என்ற பெயரில் அழைத்தால் அது திருத்து முறைக்குப் போகும்; ஷெல் கேட்கும் தெரிவை மறுக்காமலும் விட்டுவிடும். அப்போது சேர்ப்பவர் இல்லை, களைபவர் மட்டும் இருக்கிறார். 2011 ஜூலையில் நுழைந்த பிழை இது. இரு பகுதிகளையும் தனித்தனியே படித்தால் குறை எதுவும் தெரியாது. கூர்ந்த வாசகரையும் ஏமாற்றியது அதுதான்.

இதைக் கண்டுபிடித்தவர்கள் குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள். பஃபரின் அளவு, வழிவதன் நீளம், உள்ளடக்கம் மூன்றும் தாக்குபவர் கையில். சூழல் மாறிகளை பேக்ஸ்லாஷில் முடித்தால் பூச்சியக் குறிகளைக்கூட விரும்பிய இடத்தில் எழுதலாம்; சி மொழிச் சொற்களை வைத்துச் செய்யும் தாக்குதலில் இது அரிதாகவே கைகூடும். கடவுச்சொல் வேண்டாம், சூடோ அனுமதிப் பட்டியலில் பெயர் இருக்கவும் வேண்டாம். உபுண்டு 20.04, டெபியன் 10, ஃபெடோரா 33 மூன்றிலும் அவர்கள் ரூட் ஆகிக் காட்டினார்கள்.

இனி திருத்தம். அவசரக்காரர் படியெடுக்கும் சுற்றில் ஒரே ஒரு நிபந்தனை சேர்த்துவிட்டு எழுந்திருப்பார்: பேக்ஸ்லாஷுக்கு அடுத்தது பூச்சியக் குறியானால் தாண்டாதே. அதுவும் சேர்க்கப்பட்டது, வழிதல் அதோடு நின்றுவிடும். மில்லர் அங்கே நிற்கவில்லை. சூடோஎடிட் என அழைக்கப்பட்டால் ஏற்கத்தக்க தெரிவுகளை முன்பகுதி சுருக்கிக்கொள்ளும்படி செய்தார். ஷெல் தெரிவு வாசலிலேயே திரும்பிப்போகும். முன்பகுதியை நம்பியிராமல் பின்பகுதியும் அதே சோதனையைத் தானே செய்யும். குறி களைவதும் இனி ஓட்டு முறையில், ஷெல் வழியாகப் போகும்போது மட்டுமே. சேர்ப்பதற்கும் களைவதற்கும் நிபந்தனை ஒன்றாகிவிட்டது. நோயின் மூலம் இங்கேதான் தீர்ந்தது.

இவற்றுக்கெல்லாம் பிறகும் சுற்றுக்குள் இன்னொரு சோதனை: பஃபரில் இடம் மிச்சமில்லையென்றால், உள்பிழை என்று சொல்லி நிறுத்து. மற்றவை சரியாக இருக்கும்வரை இந்த வரிக்கு வேலையே வராது. சிக்கனம் பேசுவோர் இதை வீண் என்பார்கள். ஆனால் 2011இல் அந்தச் சுற்றில் இல்லாமல் போனது இந்த ஒரு சந்தேகந்தான். திருத்தம் முழுவதிலும் முதிர்ந்த கை தெரிவதும் இங்கேதான்.

குவாலிஸின் அறிக்கை மில்லரிடம் போனது ஜனவரி 13. லினக்ஸ் விநியோகங்களுக்குத் திருத்தங்கள் கமுக்கமாகக் கொடுக்கப்பட்டது 19. உலகுக்கு அறிவித்தது 26. இரண்டு வாரத்துக்குள் எல்லாம் முடிந்தது. பிப்ரவரியில் ஆப்பிளும் மேக்ஓஎஸ்ஸுக்குத் திருத்தம் வெளியிட்டது. இத்தகைய வழிதலை மொழியே தடுக்கட்டும் என்று சூடோவை ரஸ்ட் மொழியில் எழுதும் பணி பின்னர் தொடங்கியது. 2025 அக்டோபரில் வந்த உபுண்டு 25.10 அந்த வடிவத்தையே இயல்பாக எடுத்துக்கொண்டது.

பழைய விநியோகங்கள் பதிப்பு எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் உள்ளே வைத்ததால், எண்ணைப் பார்த்து ஒரு கணினியின் சூடோ திருத்தப்பட்டதா என்று முடிவுசெய்ய இயலாது. அதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. சூடோஎடிட்டை ஷெல் தெரிவோடும் ஒரு சாய்வுக்கோட்டோடும் அழைத்தால், திருத்தப்படாதது தன் பெயரைச் சொல்லிப் பிழை காட்டும். திருத்தப்பட்டது பயன்படுத்தும் முறையை அச்சிட்டுவிட்டு வெளியேறும்.