பட்டத்தில் யார் பெயர்?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், பொது மருத்துவமனைப் பக்கம் போகும் சாலை ஒன்றுக்கு இன்றும் சிப்பாய் லைன்ஸ் என்றுதான் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் குடியிருந்த இடம். இப்போது அங்கே இருப்பது ஓர் அயர்லாந்துக் கல்வி வளாகம். டப்ளினில் உள்ள அரச அறுவை மருத்துவர் கல்லூரியும் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியும் கூட்டுச் சேர்ந்து 1996-ல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கியது இது. 2018-ல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கிளை என்ற தகுதி கிடைத்து, பெயரும் மாறியது. ஊர்க்காரர்கள் பலருக்கு அது இன்னும் 'பிஎம்சி'தான்.

ஆப்பிரிக்க உயர்கல்விக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் கைகொடுப்பதைப் பற்றிய கட்டுரை பினாங்கில் தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. அதே டப்ளின் அறுவை மருத்துவர் கல்லூரிக்கு ஆப்பிரிக்காவிலும் ஒரு கூட்டாளி உண்டு. தான்சானியாவின் அருஷாவைத் தலைமையிடமாகக் கொண்ட 'கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி'. கொடுக்கும் கை ஒன்று, வாங்கும் ஊர்கள் இரண்டு. புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும் புகைப்படங்களைப் பார்த்தால் எல்லாக் கூட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேறுபாடு புரியும்.

முதலில் பினாங்கு. மாணவர் இரண்டரை ஆண்டு டப்ளினில் அடிப்படை மருத்துவ அறிவியல் படிக்கிறார். பிறகு இரண்டரை ஆண்டு இங்கே அரசு மருத்துவமனைப் படுக்கைகளின் அருகே நின்று கற்கிறார். இந்த ஏற்பாட்டின் நன்மையைக் குறைத்துச் சொல்ல முடியாது. டெங்கியை டப்ளினில் கற்றுக்கொள்ள முடியாது. பட்டர்வொர்த்திலிருந்து வந்த அம்மா தமிழில் சொல்லும் நெஞ்சு வலியும், சந்தைக்காரர் ஹொக்கியனில் சொல்லும் வயிற்று வலியும் இங்கேதான் காதில் விழும். தேர்வுத் தரம் அயர்லாந்தின் கண்காணிப்பில் இருப்பதால் உள்ளூர்ச் செல்வாக்கு மதிப்பெண்ணைத் தொட முடியாது. நம் சமூகத்தில், அரசுப் பல்கலைக்கழக மருத்துவ இடம் கிடைக்காமல் போன பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட கூட்டுகள்தான் கதவைத் திறந்தன. மலாக்காவில் 1997 முதல் நடந்த மணிப்பால் கல்லூரியையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆனால் சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் பட்டம் அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகத்தின் பட்டம்தான். பினாங்கு தருவது நோயாளிகளை, படுக்கைகளை, அரசு மருத்துவமனை நிபுணர்களின் நேரத்தை. பெற்றோர் தருவது பல லட்சம் ரிங்கிட். உடற்கூறும் உடலியங்கியலும் உயிர்வேதியியலும் டப்ளினில் நடப்பதால், அவற்றின் ஆய்வகமும் அவற்றைச் சுற்றி வளரும் ஆராய்ச்சிக் கூட்டமும் அங்கேதான் வேர் பிடிக்கும். மருத்துவர்கள் இங்கே உருவாகிறார்கள், உண்மை. மருத்துவ அறிவியலாளரை உருவாக்கும் நிலம் இங்கே தோண்டப்படவில்லை.

இது பினாங்குக்கு வாய்த்த தனிக் குறையும் அல்ல. நம் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 2010 முதல் கர்நாடகத்தின் பெலகாவியில் கேஎல்இ நிறுவனத்தோடு சேர்ந்து மருத்துவப் படிப்பு நடத்துகிறது. மலேசியப் பட்டம், இந்திய வகுப்பறை, மலேசிய மாணவர். வாங்கும் இடத்தில் நின்றவர்கள் கொடுக்கும் இடத்துக்கு வந்தாலும் அச்சு மாறுவதில்லை.

இனி அருஷா. 1999-ல் உருவான அந்த ஆப்பிரிக்கக் கல்லூரிக்கு வளாகம் என்று எதுவும் கிடையாது. 'சுவரில்லாத கல்லூரி' என்றே அழைக்கிறார்கள். எத்தியோப்பியாவிலோ மலாவியிலோ சாம்பியாவிலோ உள்ள ஒரு மருத்துவமனையைக் கல்லூரி ஆய்வு செய்து அங்கீகரிக்கிறது. இளம் மருத்துவர் அங்கேயே வேலை பார்த்துக்கொண்டு, மூத்த அறுவை மருத்துவரின் கண்முன் கத்தி பிடிக்கப் பழகுகிறார். செய்த ஒவ்வோர் அறுவையும் மின்னணுப் பதிவேட்டில் ஏறுகிறது. ஆண்டுதோறும் ஓர் உறுப்பு நாட்டில் தேர்வு. தேறியவருக்குக் கிடைப்பது அந்த ஆப்பிரிக்கக் கல்லூரியின் சான்று, டப்ளினுடையது அல்ல. 2007-ல் உள்ளே வந்த டப்ளின் கல்லூரி, அயர்லாந்து அரசின் உதவி நிதியோடு, இணையவழிப் பாடம், தேர்வாளர் பயிற்சி, நிர்வாக முறை ஆகியவற்றுக்குத் தோள் கொடுத்தது. அச்சடித்த பட்டத்தில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளவில்லை.

இதை நல்ல மனம் என்று பாராட்டி நகர்ந்துவிடலாம். பலன் என்ன என்பதுதான் கேள்வி. அந்த வட்டாரத்தில் இரண்டு லட்சம் மக்களுக்கு ஏறத்தாழ ஓர் அறுவை மருத்துவர்தான் இருந்தார். அப்படிப்பட்ட இடத்தில் பயிற்சி பெற்றவர் விமானம் ஏறிவிட்டால் பயிற்சியே வீண். 1974 முதல் 2013 வரை கிழக்கு, மத்திய, தென் ஆப்பிரிக்காவில் அறுவைப் பயிற்சி முடித்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிக் கணக்கெடுத்து 2017-ல் வெளியான ஆய்வு, சுமார் 85 சதவீதத்தினர் பயின்ற நாட்டிலேயே இருப்பதாகவும், 93 சதவீதத்தினர் ஆப்பிரிக்கக் கண்டத்தை விட்டுப் போகவில்லை என்றும் சொன்னது. இந்தக் கணக்கில் உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் முதுநிலை முடித்தவர்களும் அடக்கம். எல்லாப் பெருமையையும் அருஷாவுக்குக் கொடுக்க முடியாது. ஆனால் அடிப்படை ஒன்றுதான்: சொந்த ஊர் மருத்துவமனையில் கற்று, சொந்த வட்டாரத்தின் சான்று பெற்றவர் அங்கேயே தங்குகிறார். வெளிநாட்டில் மதிக்கப்படும் பட்டமோ வெளிநாட்டுக்கான வாசலாகவும் இருக்கிறது. 2016 இறுதியிலிருந்து இளம் மருத்துவர்களை ஒப்பந்த முறையில் அமர்த்தி, 2021 ஜூலையில் அவர்களைக் கறுப்புச் சட்டையோடு மருத்துவமனை வாசலில் போராட வைத்த நம் மலேசியாவில், அந்த வாசல் எவ்வளவு கவர்ச்சியானது என்று விளக்க வேண்டியதில்லை.

நியாயமாகப் பார்த்தால் ஒன்று இளநிலைப் படிப்பு, மற்றொன்று முதுநிலைப் பயிற்சி. தராசின் இரு தட்டும் சமமில்லை. அருஷா ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு. மூத்த மருத்துவர்கள் நோயாளிக் கூட்டத்துக்கு நடுவே நேரம் திருடித்தான் கற்பிக்கிறார்கள். கல்லூரியின் வடிவம், உறுப்பினர் தேர்வு, 'ஃபெலோ' தகுதி எல்லாம் பிரிட்டிஷ் தீவுகளின் அரச கல்லூரிகளைப் பார்த்து வரைந்தவை. அதைவிடப் பெரிய ஓட்டை பணம். கொடையில் நடப்பது கொடையாளியின் மனம் மாறினால் ஆடும். 2021-ல் பிரிட்டன் வெளிநாட்டு உதவியை வெட்டியபோது, ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகங்களோடு கூட்டாக நடந்த ஆய்வுத் திட்டங்கள் நடுவழியில் நின்றன. 2025-ல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி நிறுவனத்தையே கலைத்தது. சிப்பாய் லைன்ஸ் வளாகத்தை எந்த நாட்டுத் தேர்தல் முடிவும் மூடப் போவதில்லை. கட்டணம் கட்டும் பெற்றோர் இருக்கும்வரை அது இருக்கும். சந்தையைத் திட்டுவோர், நான் உட்பட, இந்த ஓர் உறுதியை மறைக்கக் கூடாது.

அதே சமயம் சந்தை ஒன்றே வழிகாட்டியானால் என்ன ஆகும் என்பதற்கும் மலேசியாவே உதாரணம். லிம்கோக்விங் பல்கலைக்கழகம் 2007-ல் போட்ஸ்வானாவிலும், 2008-ல் லெசோத்தோவிலும், 2011-ல் அன்றைய சுவாசிலாந்திலும் வளாகம் திறந்தது. படிப்போரில் பெரும்பகுதி அந்நாட்டு அரசுகளின் உதவித்தொகையை நம்பியவர்கள். சிறிய நாட்டின் கல்வி வரவுசெலவு ஒரு தனியார் நிறுவனத்தின் வருமானமாகும்போது, பக்கத்திலேயே இருக்கும் தேசியப் பல்கலைக்கழகத்துக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று யாரும் சத்தமாகக் கேட்டதாகத் தெரியவில்லை.

காலனிய காலத்திலேயே இதைவிடத் தெளிவான ஏற்பாடு இருந்தது என்பதுதான் கசப்பு. நைஜீரியாவின் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரி 1948-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் கூட்டில் பிறந்தது. முதல் அணி மாணவர்களில் ஒருவர் சினுவா அச்செபே. மருத்துவம் படிக்கச் சேர்ந்து, மனம் மாறி இலக்கியத்துக்குப் போனவர். அவர் பெற்றதும் லண்டன் பட்டமே. பாடத்திட்டத்தில் கிரேக்கமும் லத்தீனும் இருந்தன. அதன் காலனியச் செருக்கை மன்னிக்க வேண்டியதில்லை. ஆனாலும் தேர்வுத்தாளை உள்ளூர் ஆசிரியரும் லண்டனும் சேர்ந்து தயாரித்தார்கள். ஒருநாள் கழன்றுகொள்வதற்கான கூட்டு அது என்பது இரு தரப்புக்கும் தெரியும். 1962-ல் இபாதான் தானே பட்டம் வழங்கும் பல்கலைக்கழகமானது. பதினான்கு ஆண்டு. 1921-ல் லண்டன் தேர்வுக்கு மாணவரைத் தயார்செய்யத் தொடங்கிய கொழும்புக் கல்லூரி, 1942-ல் இலங்கைப் பல்கலைக்கழகமாகத் தனித்து நின்றது.

பினாங்கில் இந்தக் கேள்வி எழாமலும் இல்லை. 2011 ஜூனில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமும் 'சிட்டிசன்ஸ் இன்டர்நேஷனல்' அமைப்பும் சேர்ந்து, பல்கலைக்கழகங்களைக் காலனியப் பிடியிலிருந்து விடுவிப்பது பற்றி இங்கே ஓர் அனைத்துலக மாநாடு நடத்தின. அந்த அமைப்பின் அன்றைய தலைவர், பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தின் வழியாக நம் வீடுகளுக்கெல்லாம் தெரிந்த, தமிழகத்தில் பிறந்த எஸ். எம். முகமது இத்ரிஸ். ஐரோப்பாவை மையமாக வைத்த பாடத்திட்டத்தை அங்கே நன்றாகவே அலசினார்கள். என் குறை ஒன்றுதான்: சிந்தனையை விடுவிப்பது பற்றிப் பேசிய அளவுக்கு, ஒப்பந்தங்களின் ஷரத்துகளைப் பற்றிப் பேச்சு வளரவில்லை. யார் பட்டம் தருவது, நிதி யார் கணக்கில் விழுவது, ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்பவைதான் சிந்தனை எங்கே வேலை செய்யும் என்பதை முடிவு செய்கின்றன. உதாரணமாக, 2010-ல் அமெரிக்கா தொடங்கிய மருத்துவக் கல்விக் கூட்டுத் திட்டம், ஐந்தாண்டுகளுக்கு 13 கோடி டாலரை நேராக ஆப்பிரிக்க மருத்துவக் கல்லூரிகளின் கையில் கொடுத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் துணைக் கூட்டாளிகளாகப் பின்னால் நின்றன. பணம் விழும் கணக்கு மாறியதும் திட்டம் தீட்டும் நாற்காலியும் மாறியது.

தமிழ் வாசகர்கள் இப்போது கவனிக்க வேண்டிய இடம் தான்சானியாவின் சான்சிபார் தீவு. சென்னை ஐஐடி 2023-ல் அங்கே வளாகம் திறந்து, தரவு அறிவியலும் செயற்கை நுண்ணறிவும் கற்பிக்கிறது. ஐஐடி ஒன்றின் முதல் வெளிநாட்டு வளாகம். அதன் முதல் பொறுப்பாளர் பிரீத்தி அகலாயம், ஐஐடி வளாகம் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் பெண். பெருமைப்பட நிறைய இருக்கிறது. ஆனால் சென்னை ஐஐடியின் சொந்தப் பிறப்பை நினைத்துப் பாருங்கள். 1959-ல் மேற்கு ஜெர்மனி இயந்திரங்களையும் பேராசிரியர்களையும் கிண்டிக்கு அனுப்பியது. ஐஐடி ஆசிரியர்களைத் தன் நாட்டுக்கு அழைத்துப் பயிற்சி தந்தது. 1964-ல் முதல் பட்டமளிப்பு நடந்தபோது வழங்கப்பட்டது ஐஐடியின் பட்டம். எந்த ஜெர்மன் பல்கலைக்கழகத்துடையதும் அல்ல.

சான்சிபாரில் இன்று தரப்படுவது சென்னையின் பட்டம். தொடக்க ஆண்டுகளில் அது மாணவருக்கு நல்லதே. புதிய பெயரை வேலை தரும் எந்தக் கம்பெனியும் நம்பாது. ஆனால் அந்தத் தீவில் ஏற்கெனவே ஓர் அரசுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் ஆசிரியர்களில் எத்தனை பேர் சென்னையில் முனைவர் பட்டம் முடித்துத் திரும்பப் போகிறார்கள்? எந்த ஆண்டு பட்டம் கூட்டுப் பட்டமாகும், எந்த ஆண்டு தான்சானியாவின் பட்டமாகும்? சென்னை ஐஐடியின் பழைய மாணவர்களே, தமிழகத்து ஆசிரியர்களே, அந்த ஆண்டைத் தாளில் எழுதி வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். பினாங்கில் நாங்களும் எங்கள் அறிவியல் பல்கலைக்கழகத்திடம் பெலகாவியைப் பற்றி அதையே கேட்க வேண்டும்.