பாட்டுக்கு ஊர் எது?

ஒரு பாட்டை எடைபோடுமுன் அது பிறந்த ஊரை விசாரிப்பது நம்மவரிடையே வழக்கமாகிவிட்டது. வடசென்னையின் கானாப் பாடல்களைப் பற்றிப் பேச்செழும்போதெல்லாம் இதைக் காண்கிறோம். "கானா, குணங்குடி மஸ்தான் சாகிபு (ரஹ்) அவர்களின் கண்ணிகளிலிருந்து பிறந்தது, ஆதலால் உயர்ந்தது" என்பர் ஒரு சாரார். "அது தெருவில் பிறந்தது; அதன் பெயரே இந்துஸ்தானி; மெட்டோ சினிமாவில் இரவல் வாங்கியது; ஆதலால் தாழ்ந்தது" என்பர் மற்றொரு சாரார். முடிவில் மாறுபடும் இவ்விரு சாராரும் அளவுகோலில் ஒன்றுபடுகின்றனர். பிறப்பிடமே பாட்டின் தகுதிக்குச் சான்று என்பது இருவருக்கும் உடன்பாடு. அந்த அளவுகோல் செல்லுமா என்பதே நம் கேள்வி.

தொலைதூரத்து உதாரணம் ஒன்று இதற்குத் துணைசெய்யும். அயர்லாந்து நாட்டின் பாட்டுகள் என்று உலகமெங்கும் பாடப்பெறுபவற்றுள் பல அயர்லாந்தில் பிறந்தவையல்ல. 'வென் ஐரிஷ் ஐஸ் ஆர் ஸ்மைலிங்' என்னும் புகழ்பெற்ற பாட்டு, 1912இல் அமெரிக்க நாடக மேடைக்காக இயற்றப்பட்டது. சொல்லமைத்தவர்கள் சான்சி ஆல்காட், ஜார்ஜ் கிராஃப் என்னும் இருவர். இசையமைத்தவர் எர்னஸ்ட் பால். ஆல்காட் பிறந்தது நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில். பால் பிறந்தது ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில். மனைவியைப் பிறந்த மண்ணுக்கே அழைத்துச் செல்வதாகக் கணவன் வாக்களிக்கும் 'கேத்லீன்' பாட்டு, 1875இல் வெஸ்டென்டார்ஃப் என்னும் ஜெர்மானிய வழிவந்த அமெரிக்கரால் எழுதப்பட்டது. 'டேனி பாய்' பாட்டின் மெட்டு மட்டும் அயர்லாந்துக்குரியது. 1913இல் அதற்குச் சொல் தந்தவர் வெதர்லி என்னும் ஆங்கிலேய வழக்கறிஞர். அந்நாளில் நியூயார்க்கின் 28ஆம் தெருவை ஒட்டி இசைப் பதிப்பகங்கள் நெருங்கியிருந்தன. எந்த நாட்டாருக்கு எந்தப் பாட்டு விலைபோகும் என்று கணக்கிட்டு, அச்சிட்ட இசைத்தாள்களை அவை விற்றுவந்தன.

அவ்வாறாயின் அவை போலிப் பாட்டுகள்தாமா? அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லலாகாது. 1845 முதல் 1852 வரை அயர்லாந்தை வாட்டிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழ 10 லட்சம் மக்கள் மடிந்தனர். அதற்குக் குறையாத தொகையினர் கப்பலேறினர். பாஸ்டனிலும் நியூயார்க்கிலும் மூட்டை சுமந்தும் பிறர் வீட்டில் பணிபுரிந்தும் வாழ்ந்த அவர்களும் அவர்தம் மக்களுமே இப்பாட்டுகளைத் தமதாக்கிக்கொண்டனர். எழுதியவனிடம் இல்லாத ஏக்கம் பாடியவனிடம் இருந்தது. வணிகன் வெறும் பாத்திரத்தை விற்றான். வாங்கியவன் அதில் தன் கண்ணீரை ஊற்றிக்கொண்டான். நூறாண்டு கடந்தும் அப்பாட்டுகள் வாழ்வதற்கு இதுவே காரணம் என்று கருதுகிறோம்.

பட்டினி போட்ட நாட்டுக்காகவா ஒருவன் ஏங்குவான் என்று வியப்போர் ஹழ்ரத் பிலால் (ரலி) அவர்களை நினைத்துப் பார்க்கட்டும். சுடுமணலில் கிடத்தி, நெஞ்சில் பாறையேற்றி அவர்களை வதைத்த ஊர் மக்கா. அங்கிருந்து விடுபட்டு மதீனா வந்தபின், காய்ச்சல் கண்ட நிலையில், மக்காவின் பள்ளத்தாக்கையும் அங்கு முளைக்கும் இத்கிர் புல்லையும் நினைந்து அவர்கள் குரலெடுத்துக் கவிபாடிய செய்தி புகாரி ஷரீபில் பதிவாகியுள்ளது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அந்த ஏக்கத்தைக் கடிந்துகொள்ளவில்லை. மக்காவைப் போன்றே, அதனினும் மேலாகவும், மதீனாவை எங்களுக்கு உவப்பாக்குவாயாக என்று இறைவனிடம் இறைஞ்சினார்கள். பழைய மண்ணின் நினைவும் புதிய மண்ணின் பற்றும் ஒரே நெஞ்சில் குடியிருக்கலாம் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமா?

இனி நம் வடசென்னைக்கு வருவோம். தொண்டிக்கருகில் உள்ள குணங்குடியில் தோன்றி, கீழக்கரையில் கல்வி கற்று, துறவு பூண்டு பல தலங்களில் உலவியவர் சுல்தான் அப்துல் காதிர் என்னும் இயற்பெயர் கொண்ட மஸ்தான் சாகிபு. முதிர்ந்த ஆண்டுகளை இராயபுரத்தில் கழித்து, 1838இல் மறைந்து, இப்பகுதியிலேயே அடக்கமானார். தொண்டியார் வாழ்ந்த பேட்டையே தண்டையார்பேட்டை ஆயிற்று என்பர். அவர் பெயரில் உள்ள ஊர் இராமநாதபுரத்துச் சீமையில். அவர் பாட்டு வேர்பிடித்ததோ இந்தக் கடற்கரை மணலில். அவர் கையாண்ட பராபரக்கண்ணி வடிவமும் தாயுமானவர் வழியாக வந்தது. 'மஸ்தான்' என்னும் பட்டமோ பாரசீகச் சொல். மனோன்மணி என்று பெண்ணுருவில் மெய்ப்பொருளை விளித்ததில் லைலா மஜ்னூன் மரபும் சித்தர் மரபும் கைகோத்து நிற்கின்றன. இத்தனை ஊர்களின் தண்ணீர் கலந்த பாட்டை நாம் இன்று இஸ்லாமியத் தமிழின் தூய செல்வம் என்று போற்றுகிறோம். போற்றுவது சரியே. அதே கலப்பைக் கானாவில் கண்டு முகஞ்சுளிப்பது எந்த வகையில் நியாயம்?

கானா மஸ்தான் சாகிபின் நேர் வாரிசு என்று பாடகர் பலர் உரிமை கொண்டாடுகின்றனர். இன்ன கண்ணியிலிருந்து இன்ன கானா வந்தது என்று வரிவரியாகக் காட்டுவது எளிதன்று. எனினும் உறவை மறுக்கவும் இயலாது. கண்ணி என்பது ஈரடிப் பாட்டு. ஒவ்வொரு கண்ணியும் ஒரே விளியில் முடியும். ஒருவர் முன்னடியை எடுத்துக்கொடுக்க, கூடியிருப்போர் முடிவைப் பிடித்துக்கொள்ளலாம். ஏட்டறிவு இல்லாதவனும் கலந்துகொள்ளத்தக்க இவ்வமைப்பு, சாவு வீட்டில் இரவு முழுதும் கண்விழித்திருக்கும் கூட்டத்துக்கு மிகவும் ஏற்றது. 1856இல் இரயில் ஓடத்தொடங்கிய இராயபுரத்துக்கும், அதன்பின் எழுந்த துறைமுகத்துக்கும், பின்னி ஆலைக்கும் பிழைப்புத் தேடி வந்த மக்கள், மேளமின்றி மேசைப் பலகையிலும் சட்டியிலும் தீப்பெட்டியிலும் தாளமிட்டு இறந்தவரின் பெயரையும் தொழிலையும் பட்ட பாட்டையும் பாடினர். 'பேஜார்', 'ஜல்தி', 'நாஷ்டா' என நம் உர்தூ வீடுகளின் சொற்களும் அப்பாட்டில் இயல்பாக ஏறிக்கொண்டன.

மாரடித்து ஓலமிடும் ஒப்பாரியை நம் மார்க்கம் விலக்கியுள்ளது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் மரணத்தை அதிகம் நினையுங்கள் என்று ஏவியதும் அதே மார்க்கந்தான். செல்வனும் சுமைகூலியும் ஒரே மண்ணுக்குத்தான் போகவேண்டும் என்று பாடும் பழைய மரண கானாவில், மஸ்தான் சாகிபின் நிலையாமைக் குரலை நாம் கேட்கிறோம். திருவொற்றியூரில் அடங்கிய பட்டினத்தாரும் இதே நிலையாமையைப் பாடியவர். அவரும் காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து வந்தவரே.

இவ்வளவு சொன்னதால் கானா என்று பெயரிட்டு வருவதையெல்லாம் நாம் வரவேற்பதாகக் கொள்ளவேண்டா. பிறப்பிடம் அளவுகோலன்று எனில் வேறோர் அளவுகோல் வேண்டும். அதனையும் அயர்லாந்துப் பாட்டுகளே நமக்குத் தருகின்றன. அவற்றில் புன்னகைக்கும் கண்கள் உண்டு, நரைத்த தாய் உண்டு, பசும்புல் உண்டு. பஞ்சம் அநேகமாக இல்லை. குடியிருப்பை இடித்துத் தள்ளிய நிலக்கிழார் இல்லை. விற்பனைக்கு உதவாத துன்பத்தை வணிகம் வடிகட்டிவிட்டது. பாடியவன் நெஞ்சில் அது இருந்ததால் பாட்டு பிழைத்தது. பாட்டில் மட்டும் தேடினால் கிடைக்காது.

கானாவுக்கும் இதே விபத்து நேர்ந்துள்ளது. 1990களில் இசையமைப்பாளர் தேவா அதனைத் திரைக்குப் பரவலாகக் கொண்டுவந்தார். 2006இல் வந்த 'சித்திரம் பேசுதடி' படத்தில் மீன்களின் திருமணத்தைக் கானா உலகநாதன் பாட, தமிழகமே கேட்டு மகிழ்ந்தது. மீன்களையே மாந்தராக்கிய அப்பாட்டில் கடற்கரையின் நகையுணர்வு இருந்தது. அது நல்ல சரக்கு. ஆனால் அதனைப் பின்பற்றி வந்தவற்றுள் பல, குடியையும் அடிதடியையும் காதலித்துக் கைவிட்ட பெண்ணைத் தூற்றுவதையுமே வடசென்னையின் முகமாக வரைந்தன. எண்ணூரின் சாம்பற்கழிவையும், மூடிய ஆலையையும், கரைந்துபோன குப்பத்தையும் பாட அவற்றுக்கு நேரமில்லை. ஒரு மக்கள் கூட்டத்தின் துயரைத் தாங்குகிறதா, அல்லது அத்துயரை மறைத்து அவர்களையே கேலிப்பொருளாக்குகிறதா என்று கேட்பதே பாட்டை நிறுக்கும் முறை என்போம்.

இக்கேள்வியை இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. 2000ஆம் ஆண்டு முதற்கொண்டு, சென்னையின் கால்வாய்க் கரைகளிலும் கடலோரங்களிலும் வாழ்ந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்க்கப்பட்டுள்ளன. அவர்களுள் நம் சமுதாயத்தவரும் உளர். தாம் விட்டுவந்த பேட்டையை, அது எத்தனை துன்பம் தந்ததாயினும், அங்கிருந்து அவர்கள் பாடுவர். அவர்கள் பிள்ளைகளோ அப்பேட்டையைக் காணாமலே பாடுவர். அப்போது யாரேனும் வந்து, "இது அசல் வடசென்னைப் பாட்டன்று, தெற்கே அடுக்குமாடியில் பிறந்தது" என்று ஒதுக்கக்கூடும்.

நம் வீடுகளில் மஸ்தான் சாகிபின் பாடல் தேர்வுக்குரிய பாடமாகச் சுருங்கிவிட்டது. பொருள் சொல்லத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பாடத் தெரியவில்லை; பாடத் தெரிந்த தெருப்பிள்ளைகளை நாம் வாசலில் நிறுத்திவைக்கிறோம். பெற்றோர்கள் ஒரு கண்ணியையேனும் பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் பாடக் கற்பிக்கட்டும். தெருவில் கேட்கும் பாட்டில் நல்லதைக் காட்டி, அல்லதைத் தள்ளச் சொல்லிக்கொடுக்கட்டும். பாட்டின் ஊரைக் கேட்டு நிற்பவன் வாசலோடு திரும்புவான். அது யாருடைய வலியைச் சுமக்கிறது என்று கேட்பவனே உள்ளே போவான்.