மலையேறாத வலைத்தளங்கள்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் பேருந்தில் போயிருக்கிறீர்களா? கோமுகி அணையைத் தாண்டியதும் பாதை மேலேறத் தொடங்கும். சமவெளியில் தெரியாத சுமை மலையில்தான் தெரியும். நம் பகுதிப் பள்ளிகளும் சங்கங்களும் கடைகளும் ஆர்வத்தோடு அமைத்துவரும் வலைத்தளங்களின் நிலையும் இதுதான். நகரத்தில் கண்ணிமைக்கும் நேரத்தில் திறக்கும் பக்கம், கல்வராயன் மலையில் சிக்னல் குறைந்த ஓர் ஊரில் வெறும் வெள்ளைத் திரையாக நிற்கிறது. ஏன்? பழியை எல்லோரும் கோபுரத்தின்மேல் போடுகிறார்கள். பக்கத்தை அமைத்த முறைக்கும் அதில் பங்கு உண்டு என்பதை இங்கே பார்ப்போம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். இத்தகைய தளங்கள் பலவும் வேர்ட்பிரஸ் என்னும் மென்பொருளில் அமைந்தவை. மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் என்னும் இருவர் 2003 மே 27 அன்று இதை வெளியிட்டார்கள். வலைப்பதிவு எழுதுவதற்காகப் பிறந்த இந்த மென்பொருளில் இன்று உலக வலைத்தளங்களில் ஐந்தில் இரண்டு பங்கு இயங்குகிறது. இதற்கு விலை கிடையாது. இதன் நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். நிரல் எழுதத் தெரியாத ஆசிரியர் ஒருவர் ஒரே மாலையில் தம் பள்ளிக்கு ஒரு தளம் அமைத்துவிட முடிகிறது. இது சிறிய சாதனை அல்ல.

குறை எங்கே நுழைகிறது? 'செருகுநிரல்' வழியாக. 2004-ஆம் ஆண்டு வெளிவந்த 1.2 பதிப்பில் இந்த வசதி வந்தது. இது வேலை செய்யும் விதத்தை நம் பேருந்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். நீங்கள் ஒரு பக்கத்தைக் கேட்டதும், வேர்ட்பிரஸ் அதைத் தயாரிக்க ஒரு குறிப்பிட்ட பாதையில் ஓடுகிறது. பாதை நெடுகிலும் நிறுத்தங்கள் உண்டு. ஒவ்வொரு நிறுத்தத்திலும், "இங்கே யாராவது ஏற வேண்டுமா?" என்று கேட்கிறது. செருகுநிரல் அங்கே ஏறித் தன் வேலையைச் செய்கிறது. ஒன்று படங்களை நகர்த்திக் காட்டும். ஒன்று வந்துபோனவர்களை எண்ணும். ஒன்று கட்டுரையின் அடியில் பொத்தான்களை ஒட்டும். பேருந்தின் எந்திரத்தைத் தொடாமலே புதிய வசதியைச் சேர்க்கும் இந்த ஏற்பாடு மிகவும் புத்திசாலித்தனமானது. ஆனால் ஏறுகிறவர்கள் எல்லோரும் மூட்டையோடு ஏறினால் வண்டி என்னவாகும்?

ஒரு சிறு கணக்குப் போடுவோம். யூனிகோடு முறையில், வலைப்பக்கங்கள் பயன்படுத்தும் யூ.டி.எஃப்-8 வடிவத்தில், ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் இடம் வேண்டும். 'கல்வராயன்' என்னும் சொல்லில், புள்ளிகளையும் துணைக்காலையும் சேர்த்து, 9 குறியீடுகள். ஆக 27 பைட். இந்தக் கட்டுரை முழுவதும் ஏறத்தாழ 25 கிலோபைட் ஆகும். இணைப்பின் வேகம் நொடிக்கு 100 கிலோபிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட் என்பது 8 பிட். ஆகவே 25 கிலோபைட் வந்து சேர 2 நொடி போதும். இதே கட்டுரையை நகரும் படங்கள், பொத்தான்கள், அலங்கார எழுத்துரு எல்லாம் சேர்த்து 3 மெகாபைட் பக்கமாக ஆக்கினால்? 240 நொடி, அதாவது 4 நிமிடம்! மலையில் தங்கிப் படிக்கும் ஒரு மாணவி, கல்லூரிச் சேர்க்கைக்குக் கடைசி நாள் எது என்ற ஒரே வரியைப் படிக்க வந்திருக்கலாம். அந்த ஒரு வரிக்காக அவள் 4 நிமிடம் காத்திருக்க வேண்டுமா? அதற்குள் இணைப்பு அறுந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டுமே!

இரண்டாவது குறை, நம்பிக்கையைப் பற்றியது. செருகுநிரலை நிறுவுவது, முன்பின் அறியாத ஒருவரிடம் வீட்டுச் சாவியைக் கொடுப்பது போன்றது. 2020 செப்டம்பரில் 'ஃபைல் மேனேஜர்' என்னும் செருகுநிரலில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. சோதனைக்காக வைத்திருந்த ஒரு கோப்பு இயங்கும் நிலையில் அப்படியே விடப்பட்டிருந்தது. கடவுச்சொல் இல்லாமலே யாரும் தளத்துக்குள் கோப்பை ஏற்ற முடிந்தது. அந்தச் செருகுநிரலை அப்போது 7 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் வைத்திருந்தன. இது கவனக்குறைவு. 2017-இல் நடந்தது வேறு வகை. சுமார் 2 லட்சம் தளங்களில் இருந்த 'டிஸ்ப்ளே விட்ஜெட்ஸ்' என்னும் செருகுநிரலை அதன் ஆசிரியர் வேறொருவருக்கு விற்றுவிட்டார். வாங்கியவர் வெளியிட்ட புதிய பதிப்புகளில், அந்தத் தளங்களில் வேண்டாத விளம்பரங்களைப் புகுத்தும் நிரல் ஒளிந்திருந்தது. தளத்துக்குள் நுழைந்திருக்கும் உரிமையாளரின் கண்ணுக்கு மட்டும் அந்த விளம்பரம் தெரியாது! பழைய சாவி புதிய கைக்குப் போனதை வீட்டுக்காரர் அறியவே இல்லை.

மூன்றாவது குறை தமிழுக்கே உரியது. வேர்ட்பிரஸ் கட்டுரையின் தலைப்பிலிருந்து அதன் முகவரியைத் தானே உண்டாக்குகிறது. முகவரிக்கு ஒதுக்கிய இடம் 200 எழுத்து. ஆங்கிலத்துக்கு இது தாராளம். தமிழிலோ ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாற்றப்படுகிறது. எனவே ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 9 இடம் போய்விடும். 200-ஐ 9-ஆல் வகுத்துப் பாருங்கள்: 22 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடுகிறது. 'கல்வராயன் மலை மக்களின் தேன்' என்று தலைப்பிட்டால், முகவரி 'த' என்னும் எழுத்தோடு அறுந்து நிற்கும். 'கல்வராயன் மலை மக்களின் தொழில்' என்று இன்னொரு கட்டுரை எழுதினால் அதுவும் அதே 'த'-வில் அறுபடும். இரண்டையும் பிரித்தறிய பின்னதற்கு 2 என்று ஓர் எண் ஒட்டப்படும். தேனும் தொழிலும் முகவரியில் காணாமல் போய்விட்டன!

இதற்கும் பலர் ஒரு செருகுநிரலைத் தேடி ஓடுகிறார்கள். தேவையே இல்லை. முகவரியை நாமே 'கல்வராயன்-தேன்' என்று சுருக்கி எழுத மென்பொருளிலேயே இடம் இருக்கிறது. என் விமர்சனத்தின் மையம் இதுதான்: இருப்பதைக் கற்றுக்கொள்ளும் முன்பே இல்லாததைச் செருகுகிறோம். பார்வைக்கு வரும்போது மட்டும் படத்தை இறக்கும் வசதிக்கு முன்பு செருகுநிரல் வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்டில் வந்த 5.5 பதிப்பு முதல் அது மென்பொருளிலேயே அடங்கிவிட்டது. ஆனால் பழைய பழக்கத்தால் அதற்கெனத் தனியாக ஒன்றை இன்னும் நிறுவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அப்படியானால் செருகுநிரலே கூடாதா? அப்படிச் சொல்வது அறியாமை. வேர்ட்பிரஸின் வலிமையே அதில்தான் இருக்கிறது. கட்டுப்பாடு வேண்டும் என்பதே நம் வாதம். 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதன் அரசு இணையதளம், தேசிய தகவலியல் மையம் உருவாக்கிய 'எஸ்3வாஸ்' என்னும் கட்டமைப்பில் இயங்குகிறது. நாட்டின் பல மாவட்டங்களுக்கும் இதே அச்சு. மாவட்டத்தார் செய்தியை நிரப்புகிறார்கள். நிரலைக் கவனிக்கும் பொறுப்பு மையத்திடம். ஊருக்கு ஊர் தனி அழகு கிடைக்காது என்பது உண்மைதான். ஆனால் எதைச் செருகலாம் என்று தெரிந்தவர்கள் ஓரிடத்தில் இருந்து முடிவு செய்கிறார்கள். பள்ளிகளும் சங்கங்களும் இந்தப் பாடத்தைக் கடன் வாங்கலாமே! பத்துப் பள்ளிகள் சேர்ந்து ஓர் எளிய அச்சை ஏற்றுக்கொண்டால், பராமரிக்க ஒருவர் போதும்.

மாணவ நண்பர்களே, உங்கள் பள்ளியின் தளத்தைப் பராமரிக்கும் ஆசிரியரைக் கேட்டு ஒரு சோதனை செய்து பாருங்கள். முதலில் தளத்துக்கு ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நகலில் செருகுநிரல்கள் எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். பிறகு ஒவ்வொன்றாக இயக்கி, பக்கம் திறக்க எத்தனை நொடி ஆகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றைப் பற்றியும் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இது இல்லாவிட்டால் படிக்க வருபவருக்கு என்ன நட்டம்? இதைக் கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள்? இந்த வேலை மென்பொருளிலேயே இருக்கிறதா? விடை திருப்தியாக இல்லாதவற்றை இறக்கிவிடுங்கள்.

கடைசியாக ஒரு தேர்வு உண்டு. விலை குறைந்த கைப்பேசி ஒன்றை எடுத்துக்கொண்டு வெள்ளிமலைக்குப் பேருந்தேறுங்கள். இணைப்பு குறைவாகக் கிடைக்கும் இடத்தில் இறங்கி, உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். அங்கே திறந்தால் எங்கும் திறக்கும். திறக்கவில்லையென்றால், கோபுரத்தைக் குறை சொல்லும் முன் மூட்டையைக் குறையுங்கள்.